ஒரு வருஷத்தில் எத்தனை இன்ச் தைக்க முடியும்? குவில்ட் பட்டியல் போடுமுன் ஒரு கணக்கு

புது வருஷத் தையல் பட்டியலில் பெரும்பாலும் பெயர்கள்தான் இருக்கும். ஒரு பெரிய குவில்ட் (மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வை), இரண்டு குஷன் உறை, குழந்தைக்கு ஒரு சின்னப் போர்வை, போன வருஷம் பாதியில் நின்ற அறுகோணத் துண்டுகள். பெயருக்குப் பக்கத்தில் மணிக்கணக்கு எழுதாத பட்டியல் மார்ச் மாதத்தைத் தாண்டுவது அபூர்வம். கைத்தையலில் நேரத்தைத் தின்பது தைக்கும் கோட்டின் மொத்த நீளம். அதை இன்ச்சில் கணக்கிட்டுவிட்டால் மற்றதெல்லாம் பெருக்கல் வகுத்தல்தான்.

முதலில் உங்கள் வேகம் தெரிய வேண்டும். பெரிய வேலைக்குப் பயன்படுத்தப்போகும் அதே துணி, அதே பஞ்சு அடுக்கு, அதே நூலில் 12 இன்ச் சதுரமாக ஒரு மாதிரி தயார் செய்யுங்கள். அதில் 10 இன்ச் நீளத்தில் மூன்று கோடுகள் தைத்து, ஊசியில் நூல் கோப்பதிலிருந்து கடைசி முடிச்சை உள்ளே இழுத்து மறைப்பது வரை கடிகாரம் பாருங்கள். 30 இன்ச்சுக்கு 20 நிமிஷம் ஆனால் மணிக்கு 90 இன்ச். நூல் கோப்பது, துணியை மாட்டும் வளையத்தை நகர்த்துவது எல்லாம் இந்தக் கணக்குக்குள் வந்துவிட வேண்டும். தைக்கும் நேரத்தை மட்டும் அளந்தால் எண் பொய் சொல்லும்.

இப்போது 60 இன்ச் சதுர குவில்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒன்பது கட்டங்களை இணைத்த சதுர பிளாக், தைத்து முடித்தபின் ஒவ்வொரு கட்டமும் 2 இன்ச். ஒரு பிளாக் 6 இன்ச், மொத்தம் 100 பிளாக், 900 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் கோடு ஓடும்படி குவில்ட் செய்தால் நீளவாக்கில் 30 கோடு, குறுக்கே 30 கோடு. 60 கோடு, ஒவ்வொன்றும் 60 இன்ச், ஆக 3600 இன்ச். மணிக்கு 90 என்றால் 40 மணி நேரம். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை மட்டும் தைத்தால் இடைவெளி 4 இன்ச் ஆகும், நேரம் 20 மணியாகக் குறையும். வருஷத் திட்டத்தில் இதைவிடப் பெரிய மிச்சம் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் பஞ்சு அடுக்கின் உறையைப் பார்க்காமல் இடைவெளியைக் கூட்டாதீர்கள். அதிகபட்சம் எத்தனை இன்ச் இடைவெளி விடலாம் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். அதை மீறினால் துவைக்கத் துவைக்கப் பஞ்சு நகர்ந்து கட்டிகட்டியாகத் திரளும்.

கோடு ஏன் கட்டத்தின் நடுவில்? மூலைக்கு மூலை சாய்வாகப் போட்டால் பார்க்க அழகுதான். ஆனால் நான்கு கட்டங்கள் சேரும் இடத்தில் மடிந்த துணி அத்தனையும் குவிந்திருக்கும். ஊசி அங்கே சிக்கும், தையல் நீளமாகும், விரல் நுனி புண்ணாகும். நடுக்கோடு தையல் மடிப்பைக் கடந்தாலும் அந்த முடிச்சு இடத்தைத் தொடாது. கையால் குவில்ட் செய்பவர்களுக்கு என் ஓட்டு நடுக்கோட்டுக்கே.

மீதி வேலைக்கும் மணி போடுங்கள். மேல்துணியை மெஷினில் தைத்தால் வெட்டுவது, இணைப்பது, அயர்ன் செய்வது எல்லாம் சேர்த்து சுமார் 18 மணி. தைக்கும் கோட்டை வரைய 3, அடுக்குகளைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் கச்சாத் தையலுக்கு 3, ஓரத்தைப் பட்டையால் மூடும் பைண்டிங்குக்கு 6. கோட்டுத் தையல் 40 மணியையும் சேர்த்தால் 70. வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு அரை மணி உட்கார்ந்தால் வருஷத்துக்கு 130 மணி நேரம். காய்ச்சல், பயணம், விருந்தாளி, ஒன்றும் தோன்றாத நாட்கள் என்று கால்பங்கைக் கழித்துவிடுங்கள். மிஞ்சுவது சுமார் 97. அதாவது ஒரு பெரிய குவில்ட் போக கையில் இருப்பது 27 மணிதான்.

அந்த 27 மணியில் எது அடங்கும்? இங்கேதான் அறுகோணம் ஆளைக் கவிழ்க்கும். பக்கம் 1 இன்ச் உள்ள அறுகோணம் கைக்குள் அடங்கும் சின்னத் துண்டு, அதன் பரப்பு சுமார் 2.6 சதுர இன்ச். 60 இன்ச் சதுரத்துக்கு ஏறக்குறைய 1385 துண்டு வேண்டும். காகிதத்தின் மேல் மடித்துக் கச்சாத் தையல் போட்டு, பக்கத்துத் துண்டுகளோடு இணைக்க ஒன்றுக்குப் பத்து நிமிஷம் வைத்தாலும் 230 மணி. இரண்டு வருஷத்துக்கு மேல்! அதே துண்டுகளில் 16 இன்ச் குஷன் உறை என்றால் ஓரத்தில் வெட்டுப்படுவதையும் சேர்த்து 115 போதும், 19 மணியில் முடியும். அறுகோணப் போர்வையை ஆரம்பிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. பட்டியலில் அதன் பக்கத்தில் 'இந்த வருஷம் 150 துண்டு' என்று எழுதுங்கள்.

குழந்தைப் போர்வை இதற்கு நேர்மாறு. 36 இன்ச் சதுரம், 6 இன்ச் கட்டங்கள், 4 இன்ச் இடைவெளியில் கோடு என்றால் பைண்டிங்கோடு சேர்த்து 15 மணிக்குள் அடங்கும். பெரிய குவில்ட்டில் இடைவெளியைக் கூட்டி மிச்சம் பிடித்த 20 மணியில் இதைச் செய்துவிடலாம். பொத்தான், பாசிமணி, தொங்கும் நூல் எதுவும் இதில் வேண்டாம்.

துணி வாங்கும் கணக்கு. 44 இன்ச் அகலத் துணியில் ஓரம் போக 42 இன்ச் என்று வையுங்கள். 2 இன்ச் கட்டத்துக்கு வெட்டும் அளவு 2.5 இன்ச், ஒரு பட்டையில் 16 கட்டம் வரும். பிளாக்குக்கு 5 அடர்நிறம், 4 வெளிர்நிறம் என்றால் 500க்கு 32 பட்டை, 400க்கு 25 பட்டை. சுருக்கத்தையும் கோணலாக வெட்டப்பட்டு வரும் முனையையும் சேர்த்து அடர்நிறம் 2.5 மீட்டர், வெளிர்நிறம் 2 மீட்டர் வாங்கலாம். அடித்துணி நான்கு பக்கமும் 4 இன்ச் கூடுதலாக, 68 இன்ச் சதுரம் வேண்டும். ஒரு அகலம் எட்டாது, 68 இன்ச் நீளத்தில் இரண்டு துண்டு சேர்க்க வேண்டும், எனவே 3.75 மீட்டர். பைண்டிங்குக்கு 2.5 இன்ச் பட்டை ஏழு, அரை மீட்டர் போதும். ஆறு பட்டை போதுமென்று தோன்றும். சாய்வாக இணைக்கும்போது ஒவ்வொரு இணைப்பிலும் துணி குறையும், கடைசி மூலையில் கை பிசைய வேண்டி வரும்.

புதுப் பருத்தித் துணி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். அதைவிட வில்லங்கம் சாயம். அடர்சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகியவற்றில் ஒரு துண்டை வெள்ளைத் துணியோடு வெதுவெதுப்பான நீரில் அரை மணி ஊறவைத்துப் பாருங்கள். வெள்ளையில் கறை ஏறினால் அந்தத் துணியைத் தனியாக அலசி, நீர் தெளியும்வரை மறுபடி சோதியுங்கள். மூன்று அலசலுக்குப் பிறகும் சாயம் விட்டால் வேறு வேலைக்கு ஒதுக்குங்கள். 70 மணி நேர உழைப்பை ஒரு வாளித் தண்ணீரில் பந்தயம் கட்ட வேண்டாம்.

இணைக்கும்போது வரும் பெரிய தகராறு, தையலுக்காக ஒவ்வொரு ஓரத்திலும் விடும் கால் இன்ச்சில். தையல் 1/32 இன்ச் தள்ளி விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒரு இணைப்பில் இரண்டு துண்டிலும் சேர்த்து 1/16 இன்ச் போகிறது. ஒரு வரிசையில் 30 கட்டம், 29 இணைப்பு, ஏறக்குறைய 1.8 இன்ச் காணாமல் போகும். எல்லா வரிசையும் ஒரே மாதிரி குறைந்தால் பரவாயில்லை, குவில்ட் கொஞ்சம் சிறுக்கும், அவ்வளவுதான். இன்று ஒரு மாதிரி நாளை ஒரு மாதிரி தைத்தால்தான் மூலைகள் சேராது. அதனால் முதல் பிளாக் 6.5 இன்ச் வருகிறதா என்று அளந்த பிறகே மற்ற துணியை வெட்டுங்கள். மடிப்பு தரும் பருமனுக்காக, மெஷினில் கால் இன்ச்சுக்கு ஒரு நூலளவு குறைவாக ஓட்டினால் சரியாக வரும்.

கச்சாத் தையலை அவசரமாகப் போட்டவர்கள் பின்பக்கத்தில் அதன் பலனைப் பார்ப்பார்கள், சுருக்கம் சுருக்கமாக. அடித்துணியைப் பின்பக்கம் மேலாக விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். விறைப்பாக இருக்கலாம், இழுபட்டு நீளக் கூடாது. அதன் மேல் பஞ்சு, மேல்துணி. நடுவிலிருந்து வெளிநோக்கி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கோடாக இரு திசையிலும் ஓட்டுங்கள். ஊக்குகளைவிட நூலே கைக்குவில்ட்டுக்கு உகந்தது, வளையத்தில் சிக்காது. பஞ்சு அடுக்கு வாங்கும்போது உள்ளே வலைபோல் ஒரு தாங்கு இழை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மெஷினுக்கு நல்லது, கை ஊசிக்கு முரண்டு பிடிக்கும்.

ஊசியில் எண் கூடக்கூட அளவு குறையும். குவில்ட்டுக்கான குட்டை ஊசியில் 9 நல்ல தொடக்கம், கை பழகியபின் 10. நூல் 18 இன்ச்சுக்கு மேல் வேண்டாம். நீளமாக வெட்டினால் துணிக்குள் போய்ப்போய் வந்து நார் எழும்பி அறுகிறது. முடிச்சுக்கும் வாலுக்கும் ஒவ்வொரு முறையும் 5 இன்ச் போய்விடும், மீதி 13 இன்ச்தான் தையலாகும். மூன்று அடுக்கில் ஏறி இறங்கக் கோட்டு நீளத்தைப்போல் 1.3 மடங்கு நூல் பிடிக்கும். அந்த 3600 இன்ச்சுக்கு, அதாவது 91 மீட்டருக்கு, சுமார் 165 மீட்டர் ஆகும். 200 மீட்டர் கண்டு ஒன்று போதும், அதை ஆரம்பத்திலேயே வாங்கி வையுங்கள், பிறகு அதே நிறம் கிடைக்காமல் போகலாம். ஒரு இன்ச்சுக்கு எத்தனை தையல் என்ற போட்டியை விடுங்கள். சீரான ஆறு, கோணலான பத்தைவிட மேல். வளையத்தைத் தொய்வாக மாட்டுங்கள், துணி முரசுபோல் விறைத்தால் ஊசியை ஆட்டித் தையல்களை அடுக்க முடியாது. எழுந்திருக்கும்போது வளையத்தைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் தடம் விழும்.

கோடு போடும் பேனாக்களை நம்புவதில் ஒரு எச்சரிக்கை. நீரில் கரையும் நீலக் கோட்டின் மேல் அயர்ன் பெட்டி பட்டால் அது நிரந்தரமாகலாம். சூட்டில் மறையும் மை கடும் குளிரில் திரும்பி வரலாம். நேர்கோட்டுக்குக் கால் இன்ச் மாஸ்கிங் டேப்பே எளிது, ஆனால் இரவு முழுக்க ஒட்டியபடி விட்டால் பசை தங்கும்.

இனி காலண்டர். மடியில் கனமாக விழும் குவில்ட் வேலையைக் குளிர் மாதங்களுக்கு வையுங்கள். வெயில் மாதங்களில் வியர்வைக் கையில் ஊசி வழுக்கும், மூன்று அடுக்குத் துணி மடியில் கிடந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். அப்போது வெட்டுவதும் அறுகோணம் மடிப்பதும் சரி. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் என்றால் பகல் வெளிச்சத்துக்கு ஒதுக்குங்கள். பரிசுக்கான வேலையின் கெடு தேதியை ஒரு மாதம் முன்னால் எழுதுங்கள், துவைத்துக் காயவைத்து ஓரம் பிரிந்த இடத்தைத் திருத்த அந்த மாதம் வேண்டும்.

பையில் போட்டு எடுத்துப்போக ஒரு சின்ன வேலையும் இருக்கட்டும், பெரியதிலிருந்து வேறுபட்ட கை அசைவோடு. வங்காளத்துக் காந்தா அல்லது ஜப்பானிய சாஷிகோ ஓட்டுத் தையல் இதற்குப் பொருத்தம். சாஷிகோவில் மேலே தெரியும் தையல் இடைவெளியைவிடச் சற்று நீளம், மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் வந்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும். ஒவ்வொரு வரி முடிந்ததும் துணியை விரலால் நீவிவிடுங்கள், கோடு திரும்பும் மூலையில் பின்பக்கம் நூலைக் கொஞ்சம் தளர விடுங்கள். அதை மறந்தால் முதல் துவைப்பில் மூலைகள் குறுகிக்கொள்ளும்.

பாதியில் நின்றவற்றுக்கும் இதே கணக்குத்தான். ஒவ்வொன்றிலும் மீதியிருக்கும் கோட்டை அளந்து, மணியாக்கி, ஒரு சீட்டில் எழுதி ஊசி எண், நூல் நிறத்தோடு துணியிலேயே குத்தி வையுங்கள். ஐந்து மணிக்குள் முடிவதெல்லாம் ஜனவரிக்கு.