காலடிப்பேட்டைக் காற்றுக்கு ஒரு கோழிக்கூண்டு

கோழிக்கூண்டு என்று இணையத்தில் தேடினால் வருகிற படங்கள் எல்லாம் பார்க்க அழகுதான். நாலு பக்கமும் பலகை அடித்த குட்டி மர வீடு, சரிவான கூரை, ஜன்னலில் பூத்தொட்டி. பனி கொட்டுகிற ஊர்க்காரர்கள் கட்டியது. குளிரை உள்ளே விடக்கூடாது என்பது அவர்கள் கவலை. வட சென்னைக் கடலோரத்துத் திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் மே மாத மதியம் அந்தப் பெட்டிக்குள் ஒரு கோழியை அடைத்தால், வேகவைக்க அடுப்பே வேண்டாம்.

எங்கள் பின்கட்டு 12 அடிக்கு 9 அடி. அதில் ஒரு முருங்கை, துவைக்கிற கல், மூடிப்போட்ட பழைய கிணறு. மிச்சம்தான் கோழிகளுக்கு. இருப்பது மூன்று சில்க்கி, இரண்டு ஜப்பான் பேன்டம் பெட்டை, ஒரு சேவல். நாட்டுக்கோழி ஆறு வளர்க்க இந்த இடம் பத்தாது. குள்ளக் கோழி என்பதால் சமாளிக்கலாம். முட்டையும் குள்ளம்தான், இரண்டு உடைத்தால்தான் ஒரு ஆம்லெட் தேறும்.

கூண்டு கட்டுவதற்கு முன் ஒரு விஷயம் புரிந்தால் மற்றதெல்லாம் தானாக முடிவாகிவிடும். கோழிக்கு வேர்க்காது. அதன் உடம்புச் சூடே 41 டிகிரி பக்கம். வெயில் ஏறினால் வாயைத் திறந்து இளைக்கும், தொண்டையில் இருக்கிற ஈரம் காய்ந்து போகும்போது கொஞ்சம் சூடும் போகும். அவ்வளவுதான் அதன் ஏற்பாடு. மதுரைப் பக்கத்து வறண்ட வெயிலில் இது ஓரளவு வேலை செய்யும். கடலோரத்தில் காற்றே ஈரமாக இருக்கும்போது தொண்டை ஈரம் எங்கே காயும்? அதனால் இங்கே கூண்டுக்குள் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சில்க்கி உடம்பெல்லாம் பஞ்சாக இருப்பதால் அதற்கு இன்னும் சிரமம்.

என் சித்தப்பா காசிமேட்டில் விசைப்படகு கட்டிய தச்சர். ஃபைபர் படகு வந்த பிறகு வேலை குறைந்துபோய் இப்போது வீட்டில் இருக்கிறார். நான் வரைந்து வைத்திருந்த படத்தை அவரிடம் காட்டினேன். படத்தைப் பார்க்கவே இல்லை. "காத்து எந்தப் பக்கம், சாரல் எந்தப் பக்கம், அத்த முதல்ல சொல்லும்மா" என்றார்.

சிக்கலே அதில்தான் இருக்கிறது. மதியத்துக்கு மேல் கடல் காற்று கிழக்கிலிருந்து வரும், அது வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் மழைச் சாரலும் வடகிழக்கிலிருந்துதான் வரும், அது வேண்டாம். சில்க்கி இறகில் தண்ணீர் நிற்காமல் வழிந்து போகாது, அப்படியே ஊறிவிடும். நனைந்த சில்க்கி நடுங்கிப் படுத்தால் எழுப்புவது கஷ்டம். ஒரே பக்கத்தைத் திறக்கவும் வேண்டும், மூடவும் வேண்டும்.

சித்தப்பா கிழக்குப் பக்கம் முழுக்கக் கம்பி வலை போட்டார். அந்தப் பக்கம் மட்டும் கூரையை ஒன்றரை அடி வெளியே நீட்டி, அதன் அடியில் சுருட்டி வைக்கிற மாதிரி ஒரு தார்ப்பாய் கட்டினார். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அது இறங்கும், மற்ற மாதங்களில் சுருண்டே கிடக்கும். வடக்கே பாதி உயரத்துக்குப் பலகை. தெற்கே வலை. மேற்கே முழுப் பலகை, சாயங்கால வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கும். அந்தப் பலகையும் கூரையைத் தொடாது, ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கிறது. சூடு மேலே ஏறி அந்த வழியாக வெளியே போய்விடும்.

மரத்துக்கு நான் கடைக்குப் போகவில்லை. மணலி, திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் யார்டுகள் இருப்பதால் சரக்கு அடுக்குகிற மரத்தட்டுகள், அதாவது பேலட்டுகள், உடைந்துபோனால் காயலான் கடைகளில் எடைக்கு வரும். ஒரு ஷிப்பிங் அலுவலகத்தில் எனக்குப் பில் போடும் வேலை, அதனால் பேலட்டில் அடித்திருக்கும் முத்திரையைப் படிக்கத் தெரியும். கோதுமைக் கதிர் படத்தோடு ஐபிபிசி என்று இருக்கும், மரத்தில் பூச்சி இல்லாமல் பதப்படுத்தியதற்கான சர்வதேச முத்திரை அது. பக்கத்தில் ஹெச்டி அல்லது எம்பி. ஹெச்டி என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடு காட்டியிருக்கிறார்கள். எம்பி என்றால் மெத்தில் புரோமைடு புகை, விஷ வாயு. ஹெச்டி இருப்பதை மட்டும் எடுங்கள். முத்திரையே இல்லாததும், எண்ணெயோ ரசாயனமோ கொட்டிக் கறை படிந்ததும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கோழி எதையும் கொத்திப் பார்க்கும்.

ஆணி விஷயத்தில் சித்தப்பா ஒரே பிடிவாதம். கடலிலிருந்து இவ்வளவு கிட்டத்தில் சாதா இரும்பு ஆணி அடித்தால் துரு மரத்தையும் சேர்த்து அரித்துவிடும் என்பார். எல்லாமே ஸ்டெய்ன்லெஸ் ஸ்குரூ. கதவுக்குக் கீல் கிடையாது, பழைய டயரிலிருந்து வெட்டிய பட்டை இரண்டு. பார்க்க நன்றாக இல்லைதான். ஆனால் உப்புக்காற்று அதை ஒன்றும் செய்யாது, எண்ணெயும் கேட்காது.

வலை வாங்கும்போது கடையில் கோழி வலை என்று கேட்டால் அறுகோண ஓட்டை போட்ட மெல்லிசுக் கம்பியை எடுத்துக் கொடுப்பார்கள். கோழி வெளியே போகாமல் அது தடுக்கும். பூனை உள்ளே வராமல் தடுக்காது. பெருச்சாளி பல்லாலேயே வழி பண்ணிவிடும். அரை இன்ச் வெல்டட் மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த கட்ட வலை, கேளுங்கள், அதிலும் வெல்டிங் முடிந்த பிறகு துத்தநாகம் பூசியதாகக் கேளுங்கள். முன்பே பூசிய கம்பியை வெல்ட் செய்திருந்தால் ஒவ்வொரு முடிச்சிலும் பூச்சு எரிந்துபோயிருக்கும், எங்கள் ஊர்க் காற்றில் துரு அங்கேதான் பிடிக்கும். வெட்டிய முனைகளுக்கு ரெட் ஆக்சைடு தொட்டு வைத்தோம்.

பெருச்சாளி பற்றி வட சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாக்கடை ஓரத்து வீடு என்றால் அதுவும் குடித்தனக்காரன்தான். சுவரோ வலையோ தரையைத் தொடுகிற இடத்தில்தான் தோண்ட ஆரம்பிக்கும், ரெண்டடி தள்ளித் தோண்டலாம் என்று அதற்குத் தோன்றாது. அதனால் கீழ் வலையை நேராகப் புதைக்காமல், வெளிப்பக்கமாக ஓரடி மடித்துப் படுக்கப்போட்டு மேலே மண்ணும் செங்கல்லும் பரப்பினோம். தோண்டினால் நகத்தில் கம்பிதான் மாட்டும்.

வலை தரை வரை இறங்கினாலும் கூண்டின் தளம் தரையில் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் சந்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். பின்சுவரில் அந்தக் கறை இன்னும் அழியவில்லை, அளவெடுக்க வசதியாக இருந்தது. கறைக்கு மேல் அரை அடி உயரத்தில் கூண்டின் தளம். கால்கள் நாலு இன்ச் பிவிசி குழாய், உள்ளே ஒரு கம்பியும் கான்கிரீட்டும். மரக்காலாக இருந்தால் கரையான் ஏறும், எலியும் ஏறும். பிவிசியில் எலிக்கு வழுக்கும். கூண்டுக்கு அடியில் கிடைத்த நிழல்தான் கோழிகளுக்குப் பகல் முழுக்க இருப்பிடம். அங்கேயே ஒரு பழைய டப்பில் மணலும் அடுப்புச் சாம்பலும் கொட்டி வைத்திருக்கிறேன், புரண்டு குளிக்க.

கூரைக்குத் தகர ஷீட், அதன் மேல் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தென்னங்கீற்று. தகரம் மழைக்கு, கீற்று வெயிலுக்கு. புயலில் கீற்று பறக்காதா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். கடலோரக் குப்பங்களில் செய்கிற மாதிரி பழைய மீன் வலையை மேலே விரித்து நாலு மூலையிலும் கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார் சித்தப்பா. மிச்சமிருந்த வலை முற்றத்துக்கு மேலே போனது. காக்கையும் பருந்தும் இனி வேடிக்கை மட்டும் பார்க்கலாம்.

உள்ளே அதிகம் ஒன்றும் இல்லை. தளம் ஒட்டுப்பலகை, அதன் மேல் ஃப்ளெக்ஸ் பேனர், அதன் மேல் உமி. பேனரில் யார் சிரிக்கிறார் என்று சொல்ல மாட்டேன், குப்புறத்தான் விரித்திருக்கிறோம். கம்பித்தளம் போட்டால் சுத்தம் செய்வது சுலபம் என்பார்கள், சில்க்கியின் இறகு முளைத்த பாதத்துக்கு அது ஆகாது. உமியை வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டு, ஈரம் தெரிந்த இடத்தில் உமியை மாற்றினால் நெடி குறையும். கண்ணை எரிக்கிற நெடி உங்களுக்கே வந்தால், தரையோடு தரையாக மூக்கை வைத்துப் படுக்கிற கோழிக்கு எப்படி இருக்கும்!

ஜப்பான் பேன்டம் கால்தான் குட்டை, ரெக்கை நல்ல ரெக்கை. உயரத்தில்தான் அடையும். சில்க்கியால் பறக்க முடியாது. அதனால் மேலே ஒரு கட்டை, கூண்டின் தளத்திலிருந்து அரை அடியில் இன்னொன்று. கீழ்க்கட்டையையும் சில்க்கிகள் சீண்டுவதில்லை, மூன்றும் ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்துதான் தூங்குகின்றன. சரி, அவற்றின் இஷ்டம். முட்டையிடும் இடம் மட்டும் மேல்கட்டையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதிலேயே ஏறித் தூங்கி, அதிலேயே எச்சமும் போடும்.

அந்த இடத்துக்குப் பெட்டி அடிக்கச் சித்தப்பா தயாராக இருந்தார், நான்தான் விடவில்லை. 20 லிட்டர் பெயின்ட் வாளியைக் கழுவிப் படுக்கவைத்து, வாயில் பாதியை மறித்து உள்ளே வைக்கோல் போட்டால் முடிந்தது. மர இடுக்கில்தான் செள் பகலில் ஒளிந்திருந்து ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும். வாளியில் இடுக்கு ஏது? மற்ற மரப் பொருத்துகளுக்கு அவர் படகுக்குச் செய்கிற மாதிரி பஞ்சைத் திணித்துக் குங்கிலியம் காய்ச்சிப் பூசினார். கோழிக்கூண்டுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்த பிறகு யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

தீனியில் ஒரே ஒரு எச்சரிக்கை. எங்கள் பக்கம் வருகிறவர்கள் எல்லாம் அன்பாகக் கருவாட்டுத் தலை கொண்டுவந்து போடுவார்கள். உப்பு அதிகமானால் கோழி செத்தே போகும், சின்ன உடம்புக்குச் சீக்கிரம் ஏறும். கம்பும் குருணையும் கொஞ்சம் கீரையும், முட்டை ஓடு கெட்டிப்பட இடித்த கிளிஞ்சலும் போதும்.

பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் புதுக் கோழி வாங்கினால் நேராகக் கூண்டில் விடாதீர்கள். ஒரு மாதம் தனியாகப் பஞ்சாரத்தில், வேறு தண்ணீர்ச் சட்டியோடு. வெள்ளைக்கழிச்சல் ஒன்றுக்கு வந்தால் மொத்தக் கூட்டத்தையும் துடைத்துவிடும். அதற்கான தடுப்புச் சொட்டு மருந்து நூறு கோழிக்கு என்கிற மாதிரி பெரிய குப்பியாகத்தான் வரும், கலக்கியபின் வைத்திருக்கவும் முடியாது. தெருவில் கோழி வைத்திருக்கிற எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்து போட்டுக்கொள்கிறோம், ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் வாங்கிவருவது என் வேலை.

இப்போது வெள்ளை சில்க்கி அடையில் உட்கார்ந்துவிட்டது. இருக்கிற ரெண்டு வாளியில் நல்ல வாளி அதற்குத்தான் வேண்டுமாம், பக்கத்தில் போனால் கொத்துகிறது. மற்றவை எல்லாம் மிச்சமிருக்கிற ஒரு வாளிக்கு வரிசையில் நிற்கின்றன. சித்தப்பா குஞ்சுகளுக்கென்று தனித் தடுப்பு வைக்க அளவெடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் பெயின்ட் கடையில் இன்னொரு காலி வாளிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.