மலை இல்லாத சீமையில் ஒரு பர்வதம்

எங்கள் ராமநாதபுரம் பக்கம் மலை கிடையாது. கிழக்கே போனாலும் தெற்கே போனாலும் கடல், மற்றபடி கண்மாய், பனை, சீமைக்கருவேலம், நடுநடுவே மிளகாய்க் காடு. இந்த மண்ணில் பிறந்து இங்கேயே வாக்கப்பட்ட அம்மாவுக்கு, முட்டி வலி வந்த பிறகுதான் ஒரு மலைக்குப் போய்விட வேண்டும் என்று ஆசை வந்தது. கொடைக்கானல் என்றேன், குளிர் ஆகாதாம். பழனிக்குப் போவோம், வின்ச் இருக்கு, ரோப் கார் இருக்கு என்றேன். "உக்காந்துக்கிட்டுப் போனா அது என்னடி மலை?" என்றாள். அப்புறம் அவளே ஒரு வழி சொன்னாள். "ராமேஸ்வரத்துல கெந்தமாதன பர்வதம் இருக்குல்ல, அங்கிட்டுப் போவோம். அதுவும் பர்வதம்தானே?"

சிரித்தேன். ஆனால் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

தை அமாவாசைக் கூட்டம் வடிந்த பிறகு ஒரு வார நாளாகப் பார்த்துக் கிளம்பினோம். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தில் அம்மா போவது இதுதான் முதல் தடவை. 1914இல் திறந்த பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்து ஊர்ந்து போகும், அதற்குள் அம்மா ஒரு சுற்று ராம நாமம் சொல்லி முடித்துவிடுவாள். இதில் பாதி சொல்வதற்குள் அக்கரை வந்துவிட்டது என்று அவளுக்குக் குறை.

அக்னி தீர்த்தத்தில் அலையே இல்லை, அந்தக் கடல் அப்படித்தான். மூன்று முழுக்குப் போட்டுவிட்டு ஈரத்தோடு கோயிலுக்குள் நுழைந்தால் மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி கோடி தீர்த்தம் வரை 22 தீர்த்தங்கள். கிணற்று மேட்டில் நின்று வாளியை இறக்கி மொண்டு தலையில் கவிழ்க்கிறார்கள், அடுத்த ஆள், அடுத்த ஆள் என்று வரிசை ஓடுகிறது. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒரு தீர்த்தத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் தரையெல்லாம் தண்ணீர், வழுக்கும். கையை விடாதீர்கள். அம்மா என் தோளைப் பிடித்த பிடி வீட்டுக்கு வந்தும் வலித்தது.

ஈரத்துணி மாற்றிக்கொண்டுதான் சுவாமி தரிசனம். முதலில் விஸ்வலிங்கம், அப்புறம்தான் ராமநாதர். சிவபூசைக்காகக் கயிலாயத்திலிருந்து லிங்கம் கொண்டுவரப் போன அனுமார் வரத் தாமதமாக, சீதை கடல் மணலைப் பிடித்து லிங்கம் செய்ய, ராமர் அதற்கே பூசை முடித்துவிட்டார். அனுமார் வந்து பார்த்துக் கோபித்துக்கொண்டு மணல் லிங்கத்தை வாலால் கட்டி இழுத்தும் அது அசையவில்லை. அவர் மனசு நோகக் கூடாது என்று, நீ கொண்டுவந்ததற்கே முதல் பூசை என்று ராமர் சொல்லிவிட்டார். சின்ன வயசிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் அன்று சன்னிதி முன்னால் அம்மா என் காதில் சொன்னது வேறு மாதிரி இருந்தது. "கயிலாயமே இங்க வந்து உக்காந்திருக்கு. நம்ம எதுக்குடி குளிர்ல போய் நடுங்கணும்?"

அம்மன் பர்வதவர்த்தினி, தமிழில் மலைவளர்காதலி. மலையரசனின் மகள், கடற்கரையில் குடியிருக்கிறாள். தாயுமானவர் மலைவளர்காதலி என்றே ஒரு பதிகம் பாடியிருக்கிறார், அவர் சமாதி எங்கள் ராமநாதபுரத்தில்தான் இருக்கிறது, அங்கே போய்வருகிற பழக்கத்தில் அம்மாவுக்கு அந்தப் பதிகம் மனப்பாடம். வரிசையில் நின்றபடி முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள். எங்களுக்கு முன்னால் நின்ற வடநாட்டு அம்மாள் ஒருவர், மூக்கில் பெரிய வளையம், கையில் மூடி முத்திரை வைத்த சின்னச் செம்பு, திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கூடவே அவர் மகள். செம்பைக் காட்டி "கங்கா" என்றார். அம்மா உடனே அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வெளியே மூன்றாம் பிராகாரத்தில் ஒரு தூணோரம் அம்மாவை உட்கார வைத்தேன். 1212 தூண் என்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் முடிந்த வேலை. இந்தத் தீவே மணலும் பவளப்பாறையும்தான், கருங்கல் கிடையாது. பாலம் வருவதற்கு முந்தைய காலம், எல்லாக் கல்லும் எங்கிருந்தோ வெட்டி, படகில்தான் வந்திருக்க வேண்டும். மலையைத் துண்டு துண்டாகக் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அந்தத் தூண் வரிசையைப் பார்த்தால் கொஞ்சம் மிரட்சியாகத்தான் இருக்கிறது.

சாப்பாடு பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சாம்பார் சாதம், அப்பளம்.

தனுஷ்கோடிக்குப் போகலாமா என்று ஆட்டோ அண்ணன் கேட்டார். எல்லாரும் போகிறார்கள், அரிச்சல்முனை வரை ரோடு வந்த பிறகு கூட்டம் இன்னும் அதிகம். அம்மா வேண்டாம் என்றாள். 1964 டிசம்பர் புயலில் அந்த ஊர் போனபோது அவள் பாவாடை கட்டிய வயசு, ரயிலோடு ஆட்கள் போன சேதி எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் அழுகையாக வந்து சேர்ந்தது. "செத்த ஊரை வேடிக்கை பாக்கவாடி போறது?" எனக்கும் அங்கே போய் செல்ஃபி எடுக்கிறவர்களைப் பிடிக்காது, அதனால் நானும் பேசவில்லை.

நான்கு மணிக்கு மேல் கெந்தமாதன பர்வதம். கோயிலிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம்தான். வழியில் சாட்சி அனுமார் கோயிலில் ஒரு நிமிஷம் நின்றோம், சீதையைக் கண்டதற்கு அடையாளமாகச் சூடாமணியை ராமரிடம் அனுமார் கொடுத்த இடம் என்று சொல்கிறார்கள். உச்சி வெயிலில் மட்டும் பர்வதத்துக்குப் போய்விடாதீர்கள், செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லில் கால் வைக்க முடியாது.

பர்வதம் என்றால் மணல்மேடு. அதன்மேல் ஒரு மண்டபம், உள்ளே சக்கரத்தின்மேல் ராமர் பாதம். அவ்வளவுதான். ஆனால் தீவிலேயே உயரமான இடம் இதுதான், ராமர் இங்கே நின்று இலங்கையைப் பார்த்தார் என்பது ஐதீகம். அம்மா படியில் கால் வைக்குமுன் கீழே குனிந்து தொட்டுக் கும்பிட்டாள். சபரிமலைக்குப் போகிறவர்கள் பதினெட்டாம் படியைத் தொடுவார்களே, அந்தப் பயபக்தி. ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினாள், நான் கை கொடுத்தால் தட்டிவிட்டாள்.

மேலே அந்த வடநாட்டு அம்மாவும் மகளும்! ஆட்டோ அண்ணனுக்கு இந்தி தண்ணீர்பட்டபாடு, அவர்தான் பேச்சை மாற்றி மாற்றிச் சொன்னார். பத்ரிநாத்துக்குப் போகிற வழியில் மலைக்கிராமம், கடலை இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறார்களாம். பனிக்காலம் ஆறு மாசம் பத்ரிநாத் கோயில் பூட்டியிருக்கும் என்று கேட்டதும் அம்மா பதறிவிட்டாள். "பூட்டிட்டா சாமிக்கு யாரு பூசை பண்றது?" நாரதரும் தேவர்களும் வந்து செய்வார்கள், உற்சவ மூர்த்தி மட்டும் கீழே பாண்டுகேஷ்வருக்கு இறங்கிவிடுவார் என்று பதில் வந்தது. அம்மா கொஞ்சம் யோசித்து, "அப்ப சரி" என்றாள், ஏதோ அவள் அனுமதி தேவைப்பட்ட மாதிரி.

பிறகு அந்த அம்மாள், இங்கே மலை எந்தப் பக்கம் என்று கேட்டார். அண்ணன் எங்களைப் பார்த்தார். அம்மா தரையைக் காலால் தட்டி, "இதுதான்னு சொல்லுங்க தம்பி" என்றாள். சொன்னார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை, ராமர் பாதம் இருக்கிற திசையில் திரும்பி இன்னொரு தடவை கும்பிட்டார்.

நாலு பக்கமும் தெரிந்தது. தெற்கே கோயில் கோபுரம், கடல், தென்னை, எல்லாவற்றுக்கும் மேலே 323 மீட்டர் தூர்தர்ஷன் கோபுரம். அம்மாவுக்கு அதில் வருத்தம். சாமி மலையைவிட டிவிக்காரன் உசரமாக் கட்டிட்டானே என்றாள்.

திரும்பும் ரயிலில் பரமக்குடிச் சித்திக்கு போன் போட்டாள். "பர்வதம் ஏறி எறங்கியாச்சு, முட்டி ஒண்ணும் பண்ணல." சித்தி திருவண்ணாமலைப் பக்கம் இருக்கிற செங்குத்தான பர்வதமலை என்று நினைத்துக்கொண்டது. "அக்கா, அந்தக் கடப்பாறைப் படியிலயா ஏறுன? ஒனக்கென்ன கிறுக்கா? கூட வந்த புள்ளைக்காவது அறிவு வேணாம்?" என்று ஸ்பீக்கர் போடாமலேயே எனக்குக் கேட்டது. அம்மா மறுக்கவே இல்லை. உச்சிப்புளி தாண்டுகிற வரை திட்டு வாங்கிக்கொண்டு, ஜன்னலோரமாகச் சிரித்துக்கொண்டே வந்தாள்.