பூசாத கட்டிடம்

21 ஏப்ரல் 2017, வெள்ளி
டெல்லி பிரகதி மைதானத்துக் கண்காட்சி மண்டபமான ஹால் ஆஃப் நேஷன்ஸை இடிக்கக் கூடாது என்று அதை வடிவமைத்த கட்டிடக் கலைஞர் ராஜ் ரேவால் தொடுத்த வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் இந்த வாரம் தள்ளுபடி செய்துவிட்டது. பாரம்பரியக் கட்டிடம் என்று ஏற்க 60 வயது ஆகியிருக்க வேண்டுமாம். இதற்கு 45கூட நிறையவில்லை.

அலுவலகத்தில் சொன்னேன். "அந்தச் சாம்பல் பிரமிடா? பூச்சு வேலைய முடிக்காம விட்டுட்டாங்களே, அதானே?" என்றார் ஒருவர். பூசாமல் விடுவதுதான் அந்தப் பாணி, ப்ரூட்டலிசம் என்ற பெயரே பூசாத கான்கிரீட்டைச் சொல்லும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்று ஆரம்பித்தேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

22 ஏப்ரல், சனி
கல்லூரி நோட்டைத் தேடினேன், கிடைக்கவில்லை. சரி, நினைவிலிருந்தே எழுதுகிறேன்.

1972, சுதந்திரத்தின் வெள்ளி விழா ஆண்டு. ஆசிய வர்த்தகக் கண்காட்சிக்கு நடுவில் தூணே இல்லாத மண்டபம் தேவைப்பட்டது. அதற்குத் தேர்ந்தது, சாய்ந்த கைகளை முடிச்சு முடிச்சாகக் கோத்த முப்பரிமாணச் சட்டகம். இந்த மாதிரிச் சட்டகத்தை வெளிநாடுகளில் எஃகுக் குழாயில் செய்வார்கள். இங்கே எஃகு அரிது, ஆள் கிடைப்பது சுலபம். பொறியாளர் மகேந்திர ராஜ் அதையே கான்கிரீட்டில், நின்ற இடத்திலேயே வார்க்க வைத்தார். சட்டகத்தின் ஆழமே வெயிலை மறைக்கும் ஜாலி என்ற துளைத் தடுப்பாகவும் ஆனது.

படிக்கச் சுலபம்தான். சைட்டில் நின்றவனுக்குத் தெரியும். சாய்ந்து வரும் கைகள் எல்லாம் ஒரே முடிச்சில் கூடும்போது கம்பிமேல் கம்பி ஏறிக் கிடக்கும். ஜல்லி இறங்கவே இடம் இருக்காது. கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை கொஞ்சம் நகர்ந்தாலும் அடுத்த முடிச்சு பொருந்தாது. சாதாரணத் தூணும் பீமும் சேரும் இடத்திலேயே பொத்தல் விழவிட்டுத் திட்டு வாங்கியவன் நான்.

வேலைக்கு வந்த புதிதில் ஒருமுறை உள்ளே போயிருக்கிறேன். வாசலிலேயே அண்ணாந்து பார்த்தபடி நின்றதில் பின்னால் வந்த கூட்டம் என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் போனது.

24 ஏப்ரல், திங்கள்
நேற்று ராத்திரியோடு ராத்திரியாக இடித்துவிட்டார்கள்.

படம் வந்திருக்கிறது. உடைந்த கான்கிரீட்டிலிருந்து கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. முடிச்சுக்குள் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழவு வீட்டில் போய் மரவேலையை ஆராய்ந்த மாதிரி இருந்தது. ஆனாலும் பார்த்தேன். தெளிவில்லை.

27 ஜூலை 2023, வியாழன்
அதே மைதானத்தில் பாரத் மண்டபம் என்ற புது மாநாட்டு மையத்தை நேற்று திறந்திருக்கிறார்கள். டிவியில் காட்டினார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன். தூண் எங்கெங்கே வருகிறது என்றுதான் என் கண் போனது. பழையது இருந்திருந்தால் வரும் நவம்பரில் 51. இன்னும் 9 வருஷம் தள்ளியிருக்க வேண்டும்.