லைஃப் ஸ்டடி வகுப்பில் கூச்சமும் கவனமும்

நுண்கலைக் கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகள் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, துணியே இல்லாமல் ஒருத்தர் எதிரில் நிற்கும்போது எப்படி வரைகிறீர்கள்? மனசு அலையாதா?" இளங்கலை லைஃப் ஸ்டடியில் (ஆளை எதிரில் நிறுத்திப் பார்த்து வரையும் பாடம்) நான் வரைந்ததெல்லாம் வேட்டி கட்டிய பெரியவர்களையும் சேலை கட்டிய அம்மாக்களையும்தான். முதுகலைக்கு வெளிமாநிலம் போன பிறகுதான் முழு நிர்வாண மாடலை வைத்து வரையும் வகுப்பு கிடைத்தது. அங்கே கற்றுக்கொண்டதை, இனிமேல் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

மனதை அடக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அடக்க அடக்க அதுவேதான் முன்னால் வந்து நிற்கும். நான் கவனித்தவரை, கூச்சம் வருவது கை சும்மா இருக்கும் நேரத்தில்தான். மாடல் மேடை ஏறுவதற்கு முந்தைய சில நிமிடங்கள், இடைவேளை, அடுத்து எதை வரைவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நிற்கும் கணம் என்று இந்த மூன்று இடங்களில்தான் மனசு நழுவும். கை ஓடும்போது அது எங்கும் போவதில்லை. ஆகவே இந்த இடங்களில் கைக்கு என்ன வேலை கொடுப்பது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வதுதான் தயாரிப்பு.

கால் மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். ஈசலை (வரையும் போர்டைத் தாங்கும் சட்டம்) போட்டு, போர்டில் நியூஸ்பிரிண்ட் தாள்களை அடுக்காகக் கிளிப் செய்து, சார்கோலை (வரையும் கரிக்குச்சி) தீட்டி வையுங்கள். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் நகர்த்தி மாடலையும் தாளையும் மாறி மாறிப் பார்க்கிற மாதிரி ஈசல் நிற்க வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்பி எட்டிப் பார்க்க வேண்டியிருந்தால், திருட்டுத்தனமாகப் பார்ப்பது போன்ற ஓர் உணர்வு தானாக வந்துவிடும். நேராக நின்று நேராகப் பார்த்தால் அது வராது. அப்புறம் தாளில் உச்சந்தலைக்கு ஒரு கோடு, பாதத்துக்கு ஒரு கோடு, இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டு வையுங்கள். மாடல் மறைப்புக்குப் பின்னாலிருந்து மேலங்கியோடு வந்து மேடையில் ஏறும்போது, உங்கள் கண் அந்த மூன்று கோடுகளில் இருக்கட்டும்.

நல்ல ஆசிரியர்கள் ஒரு நிமிட, இரண்டு நிமிடப் போஸ்களில்தான் வகுப்பைத் தொடங்குவார்கள். கை சூடேறுவதற்காக என்று சொல்வார்கள்; கூச்சத்தைப் போக்கவும் இதைவிட நல்ல வழி இல்லை. ஒரு நிமிடத்தில் தலை எந்தப் பக்கம் சாய்கிறது, முதுகெலும்பு எப்படி வளைகிறது, தோள் சரிவும் இடுப்புச் சரிவும் எப்படி எதிரெதிராக இருக்கின்றன, உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, இவ்வளவையும் பிடித்தாக வேண்டும். வெட்கப்பட நேரமே கிடைக்காது. மணிக்கட்டை மட்டும் அசைக்காமல், தோளிலிருந்து முழுக் கையையும் வீசி வரையுங்கள். நான்கைந்து தாள் தள்ளுவதற்குள் அறையே அமைதியாகிவிடும். சார்கோல் தாளில் உரசும் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

நீண்ட போஸில்தான் உண்மையான சோதனை. இங்கே கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெட்கம் படத்தையே கெடுப்பது இந்த இடத்தில்தான்.

நேராக நிற்கும் ஒருவரின் உயரத்தைச் சரிபாதியாகப் பிரித்தால், பாதிக்கோடு ஏறக்குறைய பிறப்புறுப்புக்கு மேலுள்ள எலும்பில் விழும். முழு உருவத்துக்கும் அதுதான் மையம். புதிதாக வருகிறவர்கள் அந்த இடத்தைத்தான் பார்க்காமல் விடுகிறார்கள். தலையிலிருந்து தொடங்கி மார்பு, வயிறு என்று இறங்குவார்கள். இடுப்புக்குக் கீழே வந்ததும் நிழல் போட்டு மழுப்பிவிட்டு நேராகத் தொடைக்குப் போய்விடுவார்கள். மையம் தொலைந்ததால் கால்கள் குட்டையாகிவிடும், அல்லது பாதம் தாளை விட்டு வெளியே போய்விடும். மார்பும் இப்படித்தான். ஒரு தலை உயரத்தை அளவாக எடுத்துக்கொண்டால், முகவாயிலிருந்து சுமார் ஒரு தலை கீழே முலைக்காம்பு, அதற்குச் சுமார் ஒரு தலை கீழே தொப்புள். கூசி ஒதுக்குகிற இடங்களெல்லாம் அளவெடுக்க வேண்டிய இடங்கள். எந்த இடத்தில் கண்ணைத் திருப்பிக்கொண்டீர்கள் என்பதைப் தேர்வில் மதிப்பெண் போடுகிறவர் உங்கள் படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

அதனால் வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் அந்த மையத்தைக் குறியுங்கள். பென்சிலைக் கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, தலை முதல் மையம் வரை, மையம் முதல் பாதம் வரை அளந்து பாருங்கள். பிறகு கழுத்துக் குழியிலிருந்து ஒரு தூக்குக்குண்டு தொங்குவதாக நினைத்து, அது எந்தப் பாதத்தின் பக்கம் இறங்குகிறது என்று பாருங்கள். பாரம் தாங்கும் காலின் பக்கம்தான் அது பெரும்பாலும் இறங்கும். இடுப்பின் முன்பக்கம் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்பு முனைகளைக் கண்டுபிடித்து, இரண்டையும் ஒரு கோட்டால் இணையுங்கள். பாரம் தாங்கும் பக்கம் அந்தக் கோடு உயர்ந்திருக்கும். இவ்வளவும் முடியும்போது நீங்கள் பார்ப்பது சரிவுகளும் தூரங்களும்தான். கூச்சப்பட்டுக்கொண்டிருந்தோம் என்பதே மறந்திருக்கும்.

நம் ஸ்தபதிகள் இதை எப்போதோ கணக்காக எழுதி வைத்துவிட்டார்கள். தெய்வ உருவங்களுக்கான சிற்ப அளவுமுறைகளில் ஒன்றான உத்தம தசதாலத்தில் உருவத்தின் மொத்த உயரம் 124 அங்குலம் (இது இன்ச் அல்ல, அந்த உருவத்தின் உயரத்தை 124ஆகப் பிரித்ததில் ஒரு பங்கு). தொடை 27, முழங்கால் 4, கணைக்கால் 27, பாதம் 4, கூட்டினால் 62. சரிபாதி. அதாவது சிவனையோ திருமாலையோ வார்க்கிற ஸ்தபதிக்கும் பிறப்புறுப்பு தொடங்கும் இடம்தான் உயரத்தின் மையம். சாமியை வடிக்கும் கையே வெட்கப்படாமல் அங்கே புள்ளி வைக்கிறது. நமக்கு மட்டும் ஏன் அந்தத் தயக்கம்?

சென்னையில் இருப்பவர்கள் வகுப்புக்கு முன்னால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைகளிடம் போய்ப் பழகுங்கள். திருவெண்காட்டு அர்த்தநாரியை நான் மீண்டும் மீண்டும் வரைந்திருக்கிறேன். 11ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்து வேலை. ஒரே உடலில் வலப்பக்கம் ஆணின் அகன்ற தோளும் தட்டையான மார்பும், இடப்பக்கம் பெண்ணின் மார்பும் வளைந்து விரியும் இடுப்பும். நடுக்கோட்டின் இரு பக்கமும் மாறி மாறிப் பார்த்தால், ஆண் உடல், பெண் உடல் என்ற இரண்டு அச்சங்களும் ஒரே நேரத்தில் தெளியும். சிலையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். கண்ணுக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டால் வகுப்பறையில் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆனால் சிலை வேறு, மாடல் வேறு. மாடல் மூச்சு விடும் மனிதர். எங்கள் வகுப்புக்கு வந்த ஒரு அம்மாவின் இடுப்பைச் சுற்றிப் பாவாடை நாடா அழுத்திய கறுத்த தழும்பு இருந்தது. வருடக்கணக்கில் இறுக்கிக் கட்டிக் கட்டித் தோல் தடித்துப்போன வளையம். என் அம்மாவுக்கும் அதே இடத்தில் அதே தழும்பு உண்டு. வயிற்றில் பிரசவக் கோடுகள், குதிகாலில் வெடிப்பு, ஒரு தோள் மற்றதைவிடச் சற்று இறங்கியிருந்தது. அந்தத் தழும்பை வரையத் தொடங்கிய பிறகு எனக்குள் மிச்சமிருந்த சங்கடமும் போய், அந்த இடத்தில் மரியாதை வந்தது. அவர் அங்கே வேலை செய்கிறார், நானும் வேலை செய்கிறேன், அவ்வளவுதான். பொதுவாக ஒரு 'பெண் உடம்பு' வரைகிறோம் என்று நினைக்கும்வரைதான் மனசு எங்கெங்கோ போகும். இந்த அம்மாவின் இந்த இடுப்பு என்று பார்க்கத் தொடங்கினால் போகாது.

மார்பை இரண்டு வட்டங்களாக ஒட்டி வைப்பதும் இந்தப் பொதுப் பார்வையால்தான். விலா எலும்புக்கூடு பீப்பாய் போல வளைந்தது. மார்பகங்கள் அதன்மேல் அமைந்திருப்பதால் இரண்டும் சற்றே வெளிப்பக்கம் நோக்கியிருக்கும். மாடல் ஒரு கையைத் தூக்கினால் அந்தப் பக்கத்துத் தசை மேலே இழுபட்டு வடிவமே மாறும். மல்லாந்து படுத்தால் தட்டையாகிப் பக்கவாட்டில் சரியும். விளம்பரப் படங்களில் பார்த்த வடிவத்தை மனதிலிருந்து எடுத்துப் போடுகிறவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படவே படாது.

பழக்கவழக்கங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போன் பைக்குள், அதுவும் அணைத்து. மாடலைத் தொடக் கூடாது. போஸை மாற்ற வேண்டுமானால் ஆசிரியர் வாயால் சொல்வார். மாடலின் உடம்பைப் பற்றிப் புகழ்ச்சியாகக்கூட ஒரு வார்த்தை வேண்டாம். 20 நிமிடம் அசையாமல் நிற்பது எவ்வளவு கடினம் என்று வீட்டில் ஒருமுறை கையை உயர்த்தி நின்று பாருங்கள், தெரியும். இடைவேளையில் அவர் பாதங்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு வைப்பார்கள், திரும்ப அதே இடத்தில் நிற்பதற்காக; அதை மிதித்து அழித்துவிடாதீர்கள். அவர் மேலங்கி போட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்கும் நேரத்தில் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருக்காமல், உங்கள் ஈசலிலிருந்து பத்தடி பின்னால் போய் உங்கள் படத்தைப் பாருங்கள். முகம் அடையாளம் தெரியும் படத்தை அவரிடம் கேட்காமல் இன்ஸ்டாகிராமில் போடவே போடாதீர்கள். அவர் செய்யும் வேலை அவர் வீட்டில் தெரியாமல் இருக்கலாம்.

இனி, கேட்கவே கூசுகிற கேள்வி. நடுவில் உடம்பும் மனசும் வேறு மாதிரி தடுமாறினால்? தடுமாறலாம். அது ஒழுக்கக்கேடு ஒன்றும் இல்லை, அதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். உடனே மாடலை விட்டு, மாடலைச் சுற்றியுள்ள வெற்றிடத்துக்குப் போங்கள். கைக்கும் இடுப்புக்கும் நடுவில் தெரியும் முக்கோணம், இரண்டு கால்களுக்கு நடுவில் தெரியும் சுவர், இவற்றின் வடிவத்தை மட்டும் வரையுங்கள். அல்லது பாதத்துக்கு வாருங்கள். பாதத்தைச் சரியாக வரைவது அவ்வளவு கஷ்டம், மனசு தானாக அடங்கிவிடும். அதுவும் முடியவில்லையா, சத்தமில்லாமல் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள். நெளிந்து சிரிப்பதும் பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுப்பதும்தான் தவறு. மேடையில் நிற்பவருக்கு அந்த முணுமுணுப்பு கேட்கும்.

தனியறையில் கணினியில் போட்டோவைப் பார்த்து வரைவது இதைவிடக் கடினம் என்பது என் அனுபவம். அங்கே ஆசிரியரும் இல்லை, மணியடிக்கும் கடிகாரமும் இல்லை, எதிரில் மூச்சு விடும் மனிதரும் இல்லை. வயது வந்தோருக்கான கதைகளுக்கு ஓவியம் போடும் வேலை எடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது: ஓவியர்களுக்கென்றே எடுக்கப்பட்ட, வயது வந்த மாடல்களின் போட்டோக்களை மட்டும் பயன்படுத்துங்கள், டைமர் வையுங்கள், போட்டோவைத் தலைகீழாகத் திருப்பி வைத்து முதல் ஸ்கெட்சைப் போடுங்கள். கதை கேட்பது எது, வாடிக்கையாளர் தன் ஆசைக்குக் கேட்பது எது என்று பிரித்துப் பார்த்து, இரண்டாவதற்கு முடியாது என்று சொல்லவும் பழகுங்கள்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. வீட்டில் "பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு" என்பார்கள். இந்த வகுப்பு நமக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. லண்டனில் 1768இல் ராயல் அகாடமி என்ற ஓவியக் கலைக்கழகம் தொடங்கியபோது, தொடங்கியவர்களிலேயே ஆஞ்செலிகா காஃப்மன், மேரி மோசர் என்று இரண்டு பெண்கள் இருந்தார்கள். சில ஆண்டுகளில் ஓவியர் ஜோஹன் ஸோஃபனி அகாடமிக்காரர்களை நிர்வாண மாடலோடு ஒரே அறையில் வரைந்தபோது, அந்த இரண்டு பேரை மட்டும் சுவரில் தொங்கும் படங்களாகத்தான் காட்டினார். மாடல் இருக்கும் அறையில் பெண்கள் இருக்கக் கூடாது என்பது அன்றைய நியதி. பிலடெல்பியாவில் ஓவிய ஆசிரியர் தாமஸ் ஈகின்ஸ், பெண்களும் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் இடைத்துணியை எடுத்துவிட்டதற்காக 1886இல் வேலையை விட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்குள் நம் ஓவியர் அம்ரிதா ஷெர்கில் பாரிஸில் மாணவியாக இருந்து நிர்வாண உருவங்களை வரைந்தார். அந்த அறையில் நிற்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, தலை குனிந்து நிற்க வேண்டியதில்லை.

வீட்டில் சட்டத்தைப் பற்றிப் பயந்தால், நிர்வாணம் என்பதாலேயே ஒரு படம் ஆபாசமாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லியிருக்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள். எஃப்.என். சூசா, அக்பர் பதம்சீ இருவரின் ஓவியங்களைச் சுங்கத்துறை ஆபாசம் என்று பிடித்து வைத்தபோது, அவற்றை விடுவிக்கும்படி பம்பாய் உயர் நீதிமன்றம் 2024இல் உத்தரவிட்டது. ஆனால் அம்மாவிடம் தீர்ப்பைவிட நன்றாகப் பேசுவது உங்கள் ஸ்கெட்ச் புக்தான். ஒளித்து வைக்காதீர்கள். கை, பாதம், சேலை மடிப்பு எல்லாம் இருக்கும் அதே புத்தகத்தில் இவையும் இருக்கட்டும்.

கடைசியாகத் தேர்வு. லைஃப் ஸ்டடி செய்முறைத் தேர்வில் மாடல் வேட்டியோடு இருந்தாலும் சரி, இல்லாமல் இருந்தாலும் சரி, முதல் அரை மணி நேரம் ஷேடிங் பக்கமே போகாதீர்கள். தாளில் உருவம் அடங்குகிறதா, மையம் சரியா, பாரம் சரியான காலில் இறங்குகிறதா என்பதற்கு மட்டும் அந்த நேரம். முகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முகத்தில் மூழ்கியவர்கள் பாதத்துக்கு நேரமில்லாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வருகிறதா என்று பார்த்து, நிழலை மூன்று டோனில் (கருமை அளவில்) பிரித்துப் போடுங்கள். தேய்த்து மழமழப்பாக்க வேண்டாம். போஸின் இடைவேளை முடிந்து மாடல் திரும்ப நிற்கும்போது தோளோ தலையோ கொஞ்சம் மாறியிருக்கும். அதற்காகப் படத்தைத் திருத்தாதீர்கள், முதலில் போட்ட கோட்டையே நம்புங்கள். தேர்வு முடிந்து தாளைக் கொடுக்கும் முன் சார்கோல் கலையாமல் ஃபிக்ஸேட்டிவ் அடியுங்கள், மாடல் அறையை விட்டுப் போன பிறகு, ஜன்னல்களைத் திறந்து வைத்து.