காலி அட்டவணை கற்றுத்தந்தது: இக்னிஷன் செய்முறைத் தேர்வு அனுபவம்

ஆலை இயந்திரங்களைக் கணினித் திரையிலிருந்து கண்காணித்து இயக்கும் ஸ்காடா வேலைக்கான செய்முறைத் தேர்வு அது. அதற்கான மென்பொருள் இக்னிஷன். பொத்தானை அழுத்தினால் நேற்றைய இரவு ஷிஃப்டில், அதாவது இரவு 10 முதல் காலை 6 வரை, வந்த அலாரங்கள் திரையில் தெரிய வேண்டும். ‘இவ்வளவுதானா’ என்று நினைத்தேன்.

பழைய அலாரங்களின் பதிவைக் காட்டும் அலாரம் ஜர்னல் அட்டவணைக்குத் தொடக்க நேரம், முடிவு நேரம் என்று இரண்டு பண்புகள் உண்டு. ஸ்கிரிப்டில் இன்றைய தேதியை எடுத்து, ஒன்றில் 22 மணியும் மற்றதில் 6 மணியும் பொருத்தினேன். தொடக்கம் முடிவுக்குப் பின்னால் போய்விட்டது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. அட்டவணை காலியாக நின்றது. “நேற்று இரவு ஆலையில் ஒரு அலாரம்கூட அடிக்கவில்லையா, தம்பி?” என்று கேட்டார் தேர்வாளர். தோற்றுவிட்டேன்.

மறுமுயற்சிக்குத் தயாராவோருக்குச் சொல்கிறேன்: மணியைப் பொருத்தாதீர்கள், நள்ளிரவிலிருந்து எண்ணுங்கள். ‘சிஸ்டம்.டேட்.மிட்நைட்’ என்ற ஸ்கிரிப்ட் கட்டளை அன்றைய 0 மணியைத் தரும். ‘ஆட்ஹவர்ஸ்’ கொண்டு அதிலிருந்து 2 மணி நேரம் கழித்தால் தொடக்கம், 6 மணி நேரம் கூட்டினால் முடிவு. தேதி மாறும் தொல்லை தானாகவே தீர்ந்துவிடும். அதிகாலை 2 மணிக்கு அழுத்தினாலும் நடந்துகொண்டிருக்கும் ஷிஃப்டே வரும். இரவு 11 மணிக்கு அழுத்தினால் மட்டும் முந்தைய இரவு வரும். நடப்பு ஷிஃப்ட் வேண்டுமென்றால், மணி 22 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து இரண்டு நேரங்களுடனும் ஒரு நாள் கூட்ட வேண்டும்.

தேதியைக் கையால் எழுதினால் இன்னொரு குழி காத்திருக்கிறது. தேதியை உருவாக்கும் ‘கெட்டேட்’ கட்டளை மாதங்களை 0 முதல் எண்ணும். மார்ச் என்று நினைத்து 3 கொடுத்தால் ஏப்ரல் வரும். இதில் ஒரு முழு மாலையைத் தொலைத்தேன். நேர மண்டலத்திலும் கவனம் வேண்டும்: இக்னிஷனின் மைய நிரலான கேட்வே இருக்கும் சர்வர் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடினால், அதில் ஓடும் ஸ்கிரிப்டின் நள்ளிரவு நமக்குக் காலை 5.30.

அட்டவணைக்குப் பதில், அலாரம் பதிவை ஸ்கிரிப்டிலிருந்து கேட்கும் ‘க்வெரிஜர்னல்’ வழியாகக் கேட்டால், தொடக்க நேரம் கொடுக்காதபோது அது கடைசி 8 மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும். எட்டு மணி நேர ஷிஃப்ட் என்பதால் சோதனையில் எல்லாம் சரியாக வருவதுபோல் ஏமாற்றும். இரு எல்லைகளும் உள்ளடங்கியவை, சரியாக 6.00.00க்கு வந்த அலாரம் இரண்டு ஷிஃப்ட் அறிக்கையிலும் தலைகாட்டும்.

பயிற்சிக்குப் பணம் வேண்டாம். இக்னிஷனைத் தயாரிக்கும் நிறுவனத்தின் பயிற்சித் தளமான இண்டக்டிவ் யுனிவர்சிட்டியின் காணொளிப் பாடங்கள் இலவசம். இக்னிஷனின் சோதனைப் பதிப்பு 2 மணி நேரம் ஓடும், எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். முதல் வேலையாக, கணக்கிட்ட இரண்டு நேரங்களையும் திரையில் ஒரு லேபிளில் காட்டுங்கள். அட்டவணை காலியானால், அலாரம் இல்லையா, வரம்பு தவறா என்று உடனே தெரியும்.

இரண்டாம் முறை அதே தேர்வாளர் கணினியின் கடிகாரத்தை இரவு 11.30க்கு மாற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். லேபிளில் அன்றைய 22.00 நின்றது. ஒன்றும் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போனார்.