அமாவாசை நண்டு

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் எங்கள் தெருவில் தூக்கமே தாறுமாறாகிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, ஆனால் வருஷம் முழுக்க நடுராத்திரி எழுந்து பழகிய உடம்பு அதையெல்லாம் கேட்குமா, அந்த நேரத்துக்கு முழித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். எதிர் வீட்டு மாமா அப்படித்தான். போன மே மாத அமாவாசை அன்று, ஆபீஸ் வேலையை முடித்து லேப்டாப்பை மூடிவிட்டுக் காற்று வாங்க வெளியே வந்தேன். "நண்டு புடிக்கப் போறேன், வர்றியாடா?" என்றார். பிறந்ததிலிருந்து பாண்டிச்சேரி மீனவர் பகுதியான இந்த வைத்திக்குப்பத்தில் இருக்கிறேன், நண்டைக் கூடையிலும் தட்டிலும் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். சரி என்று லுங்கியோடு கிளம்பிவிட்டேன்.

ஏன் அமாவாசை என்றால், அன்றைக்குத் தண்ணீர் நன்றாக வற்றும். நம்ம கடலில் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது, அதனால் முழங்கால் அளவு இறங்கினாலே பெரிய விஷயம். பாண்டியில் அமாவாசை அன்று வத்தம் ராத்திரி ரெண்டு, ரெண்டரை வாக்கில் நடக்கும், மறுநாள் முக்கால் மணி நேரம் போலத் தள்ளிப் போகும். பௌர்ணமிக்கும் இதே மாதிரி வற்றத்தான் செய்யும், ஆனால் மாமா போக மாட்டார். நிலா வெளிச்சத்தில் நண்டு நம்மை முதலில் பார்த்துவிடுமாம், தவிர பௌர்ணமி நண்டில் சதை இருக்காதாம். இந்த இரண்டாவது விஷயத்தை மீன் வாங்கும் எல்லா அம்மாக்களும் சொல்வார்கள், நான் நிறுத்துப் பார்த்ததில்லை.

நாங்கள் போன இடம் கருங்கல் கொட்டிய கரை. வெளியூர்க்காரர்கள் இதை இயற்கையான பாறைக் கரை என்று நினைத்துப் படம் போடுகிறார்கள். எல்லாமே லாரியில் வந்த கல். நம்ம கரையில் மணல் வருஷத்தில் பாதிக்கு மேல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும், 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகம் கட்டிக் கடலுக்குள் கல் நீட்டியதும் அந்த மணல் தெற்குப் பக்கமே தங்கிவிட்டது, வடக்கே இருக்கிற ஊருக்கு வரவேண்டிய மணல் வரவில்லை, கடல் உள்ளே வந்தது. அதைத் தடுக்கக் கல்லாகக் கொட்டினார்கள். மாமா சின்னப் பையனாகக் கபடி ஆடிய மணல் இப்போது தண்ணீருக்கு அடியில். மணல் போன வருத்தத்தை அவர் சொல்லி முடிப்பதே கிடையாது, ஆனால் "இந்தக் கல்லு நண்டு அப்ப ஏது? மணல்ல வளை நண்டுதான் ஓடும்" என்பதையும் அவரேதான் சொன்னார். 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இரும்பில் ஆப்பு மாதிரி ஒரு தடுப்பை இறக்கிய பிறகு அந்தப் பக்கம் மணல் திரும்பி வந்து கல்லை மூட ஆரம்பித்தது. குடும்பங்கள் இப்போது அங்கே கால் நனைக்கின்றன. மாமாவுக்கு அது ஒரு நண்டுத் துறை போன கணக்கு.

பிடிக்கிற முறை ரொம்ப எளிது, கேட்பதற்கு. பாறை நண்டு பகலில் இடுக்கில் இருக்கும், ராத்திரி பாசி மேய மேலே ஏறி வரும். தலையில் கட்டிய டார்ச்சை முகத்துக்கு நேரே அடித்தால் ஒரு நொடி அப்படியே நிற்கும். அந்த ஒரு நொடிக்குள் பின்னாலிருந்து முதுகு ஓட்டை உள்ளங்கையால் அமுக்கி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பின்னங்கால் பக்கம் போகிற மாதிரி தூக்க வேண்டும். மாமா மூன்று பிடித்துவிட்டார். நான் ஒரு பெரிய நண்டைக் குறிவைத்து மூச்சை அடக்கி, பூனை மாதிரி போய் அமுக்கினால், கையில் எடையே இல்லை. கால், கொடுக்கு, கண் காம்பு எல்லாம் அப்படியே இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. சட்டை உரித்துப் போட்டுவிட்டு ஆள் போய்விட்டது. மாமா சிரித்த சிரிப்பில் மற்ற நண்டும் ஓடியிருக்கும்.

நிஜமாகவே பிடித்த முதல் நண்டை டார்ச்சில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தேன். தட்டையான கரும்பச்சை ஓடு, அதன் மேல் சுண்ணாம்பில் கோடு இழுத்த மாதிரி வெள்ளைக் கீற்றுகள். கொடுக்கின் முனை கூராக இருக்கும் என்று நினைத்திருந்தேன், குட்டிக் கரண்டி மாதிரி குழிந்திருந்தது. பாசியை அதால்தான் சுரண்டுகிறது. திருப்பி வயிற்று மடலைப் பார் என்றார் மாமா: ஒடுக்கமாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண், அதற்கடியில் முட்டை ஒட்டியிருந்தால் சினை, திரும்ப விட்டுவிட வேண்டும். என்னுடையது சினை. விட்டேன்.

கல் இடுக்கில் இரண்டு கண் மின்னியதைப் பார்த்து அடுத்ததாகக் கை நீட்டியது என் தப்பு. பெருச்சாளி. பின்னால் துள்ளியதில் பாசியில் வழுக்கி, ஒரு செருப்பு இடுக்குக்குள் போய், முழங்காலைக் கொட்டலசு கீறிவிட்டது. சுண்ணாம்புப் பொட்டு மாதிரி கல்லில் ஒட்டியிருக்குமே, அதுதான், ஓரமெல்லாம் பிளேடு. உப்புத் தண்ணீர் பட்டதும் உயிர் போயிற்று.

கீழ்க் கல்லில் பச்சைச் சிப்பி கொத்துக் கொத்தாகத் தெரிந்தது. இதாவது ஓடாது என்று கத்தியைக் கேட்டால் மாமா தரவில்லை. பக்கத்திலேயே சாக்கடை வாய்க்கால் கலக்கிறது, சிப்பி நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டித் தின்கிற பிராணி, வாய்க்காலில் வருவதெல்லாம் அதற்குள் இருக்கும். அப்புறம் வீட்டில் தேடிப் படித்தேன்: சில வகைக் கடல் பாசி பெருகும்போது அதன் விஷமும் இப்படியே சிப்பி, மட்டியில் சேருமாம், வேகவைத்தாலும் போகாதாம். 1981இல் தமிழ்நாட்டில் மட்டி சாப்பிட்டு 85 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து 3 பேர் இறந்திருக்கிறார்கள். மாமா இதைப் படித்தவர் இல்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டு "நாத்தம் அடிக்குதில்ல, அப்புறம் இன்னா" என்றதோடு சரி.

நாலு மணிக்குத் தண்ணீர் ஏற ஆரம்பித்ததும் திரும்பினோம். பையில் ஒன்பது நண்டு, அதில் என் பங்கு இரண்டு.

இந்த நண்டில் குழம்பு வைக்கிற அளவுக்குச் சதை கிடையாது, ரசம்தான். அத்தை ஓட்டைப் பிரித்துக் கழுவி, காலையும் உடம்பையும் அம்மியில் வைத்து நாலு தட்டு தட்டி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் நசுக்கிப் போட்டு, புளியைக் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டு வடிகட்டினார். முதல் வாயில் காரம் காதுக்கு ஏறியது, பின்னாலேயே நாக்கின் ஓரத்தில் ஒரு தித்திப்பு.

"ராத்திரி முழுக்கப் போயி ஒம்பது நண்டா? மார்க்கெட்ல கேட்டா சும்மா குடுப்பாங்க" என்றார் அத்தை, என் முழங்காலுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டே. மாமா பதில் பேசவில்லை. டம்ளரை நீட்டி இன்னொன்று கேட்டார்.