திருகோணமலையில் பகல் பன்னிரண்டரை மணி

வெள்ளவத்தையில் குடியிருக்கும் எங்கள் குடும்பத்துக்குத் திருகோணமலை என்றால் கோணேசர் கோவில்தான். போனால் கும்பிட வேண்டும், மலையில் நின்று கடலைப் பார்க்க வேண்டும், கட்டிக்கொண்டு போன இடியப்பத்தை ஏதாவதொரு மரநிழலில் இருந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்பதே அப்பா காலத்து ஏற்பாடு. இந்த ஆடி மாதத்தில் அம்மாவும் நானும் மட்டும் ஒரு வெள்ளிக்கிழமை இரவு கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறியபோது, இரண்டு பகலும் ஓர் இரவும் அங்கே தங்கப்போகிறோம், ஆகவே அந்த ஊர்ச் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டாக வேண்டும் என்ற நிலை முதன்முறையாக ஏற்பட்டது. கைப்பேசியில் கடைகளின் பெயர்களும் அவற்றுக்கான நட்சத்திரங்களும் நிறையவே கிடைத்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை உப்புவெளிக் கடற்கரையில் வெளிநாட்டவர் தங்கும் விடுதிகளை ஒட்டியவை. பாராட்டி எழுதியவர்களும் பெரும்பாலும் அவர்களே. அம்மா அதை எட்டிப் பார்த்துவிட்டு ஒரேயொரு நிபந்தனை விதித்தார்: "கோணேசரைக் கும்பிட்ட நாளிலை மச்சம் இல்லை, தம்பி. சனிக்கிழமை முழுக்கச் சைவம். ஞாயிற்றுக்கிழமை உன்ரை விருப்பம்."

கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையை விட்டுப் பிரியும் அந்த வண்டி, கந்தளாயையும் தம்பலகாமத்தையும் இருட்டோடு கடந்து, விடியும் வேளையில் எங்களை இறக்கிவிட்டது. தங்குமிடத்தில் குளித்துவிட்டுப் பிரட்றிக் கோட்டை வாசலால் நுழைந்தபோது, அங்கே திரியும் புள்ளிமான்கள் எங்களுக்கு முன்பே காலையுணவைத் தேடத் தொடங்கியிருந்தன. அவற்றில் ஒன்று அம்மாவின் அர்ச்சனைத் தட்டிலிருந்த வாழைப்பழத்தின் மீது கண் வைத்துக் கோவில் வழியில் நெடுந்தூரம் கூடவே வந்தது. கோணேசருக்கு வைத்திருந்ததை மானுக்குக் கொடுக்க அம்மா சம்மதிக்கவில்லை. திரும்பி வரும்போது பிரசாதமாகக் கொடுத்தார்.

காலையில் நாங்கள் நுழைந்த சைவக்கடை பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ளது. அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. சிறிய கடைகளில் சமையற்காரர் மாறினாலும் பெயர்ப்பலகை மாறுவதில்லை. என் சொல்லை நம்பி ஆறு மாதம் கழித்துப் போகிறவர் அந்தக் கடைக்காரரையும் என்னையும் சேர்த்தே திட்டுவார். எந்தக் கடை என்பதைவிட எந்த நேரம் என்பதே அந்த ஊரில் முக்கியம் என்பதை நாங்கள் கண்டுகொண்டதும் அங்கேதான். ஏழரை மணிக்கு இடியப்பத்தோடு வந்த சொதியை ஒரு மிடறு குடித்துவிட்டு அம்மா தலையசைத்தார். சொதி என்பது எளிதான பண்டம்போலத் தோன்றினாலும் அவசரப்படுபவருக்கு அது வசப்படாது. வெங்காயமும் பச்சைமிளகாயும் இரண்டாம் பாலில் அவிந்த பின்னரே தலைப்பாலை விட வேண்டும். விட்டபின் கைவிடாமல் துழாவி, கொதித்துத் திரையுமுன் இறக்க வேண்டும். தேசிக்காய்ப் புளியைச் சட்டி அடுப்பை விட்டு இறங்கிய பிறகே சேர்க்க வேண்டும். தேங்காய்ப் பால்மாவைக் கரைத்து ஊற்றிய சொதியை அம்மா மணத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். இது திருவிய தேங்காயின் பால். நாங்கள் வடையும் தேநீருமாகப் பேசிக்கொண்டிருந்து எட்டரை மணியளவில் இன்னும் கொஞ்சம் சொதி கேட்டோம். வாளி வந்தது, சொதியும் வந்தது, ஆனால் அது வேறு சொதி. முதற்சட்டி முடிந்து, பிறகு வருகிறவர்களுக்காக நீர் கூட்டி வைத்த இரண்டாம் சட்டி. பரிமாறிய தம்பி எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு ஏழு மணிக்கே வாங்க அம்மா," என்றார். மறைக்காமல் சொன்னதால் அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

மதியமும் அதே கடைக்கே போனோம். கோப்பையின் மேல் மெல்லிய பொலித்தீன் தாளை விரித்து அதன் மேல் சோறு போடும் வழக்கத்தை நான் எங்கே கண்டாலும் வெறுப்பவன், என்றாலும் அந்தத் தாளின் மீது விழுந்த சோற்றை வெறுக்க முடியவில்லை. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயல்கள் பக்கத்திலேயே இருக்கும்போது அரிசிக்கு என்ன குறை. கத்தரிக்காய்ப் பாற்கறி, பயற்றங்காய், பருப்பு, முருங்கையிலை வறை, மோர்மிளகாய் என்று வழக்கமானவையே வந்தன, புதுமை ஒன்றுமில்லை. ஆனால் எல்லாமே அப்போதுதான் இறக்கிய சூட்டில் இருந்தன.

சனிக்கிழமை இரவைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. கடற்கரைக்குப் போய்விட்டு அங்கேயே சாப்பிடுவோம் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். உப்புவெளியில் மணலுக்குள் மேசை போட்டு, மெழுகுதிரி ஏற்றி வைத்திருந்த ஓரிடத்தில் அம்மாவுக்கு மரக்கறிச் சோறும், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் எனக்கு நண்டும் கேட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்த நண்டின் சதை ஓட்டிலிருந்து தானாகவே கழன்று நீராய்ச் சிந்தியது. உயிரோடு இருந்த நண்டைச் சமைத்தால் சதை இறுகித் திரண்டு நிற்கும். செத்துக் கிடந்த நண்டின் சதை வெகு விரைவில் தளர்ந்து கூழாகிவிடும், எவ்வளவு மிளகு போட்டாலும் அதை மீட்க முடியாது. அம்மா தம் சோற்றிலிருந்த கரட் துண்டுகளை ஒதுக்கியபடி, "சனிக்கிழமையிலை நண்டு கேட்டனி எல்லோ," என்று மட்டும் சொன்னார். உண்மையில் அங்கே வருகிறவர்கள் காற்றுக்கும் அலைக்கும்தான் காசு கொடுக்கிறார்கள், சாப்பாடு அதற்கொரு சாட்டு. அதை அறிந்து போனால் குறை சொல்ல எதுவுமில்லை.

காரணத்தை மறுநாள் காலை திருக்கடலூர்க் கரையில் கண்ணால் கண்டேன். மேற்குக் கரையில் சோழகக் காற்றில் கடல் கொந்தளிக்கும் இந்த மாதங்களில்தான் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள்கூடத் தங்கள் படகுகளோடு வந்து கிழக்குக் கரையில் வாடி அமைப்பதும் இதனால்தான். மார்கழியில் வாடைக்காற்று வீசும்போது வந்தால் இந்த மீன் இராது. இரவில் போன பைபர் படகுகள் காலையில் வரிசையாகக் கரைக்கு வர, பாரையும் விளையும் சூரையும் மணலிலேயே விலை பேசப்பட்டு, பெரியவை ஐஸ் பெட்டிகளில் அடைபட்டுக் கொழும்புக்குப் புறப்பட்டன. எஞ்சியவையே ஊருக்கு. வீட்டுக்காரரும் கடைக்காரரும் வாங்கிச் சென்று, வெட்டிக் கழுவி, பகல் பன்னிரண்டு மணிக்குள் சட்டியில் ஏற்றிவிடுகிறார்கள். ஊரின் பெரிய சாப்பாடு அதுதான். இரவில் அந்த ஊர் பெரும்பாலும் இடியப்பமோ புட்டோ ரொட்டியோ உண்டு படுத்துவிடுகிறது. ஆகவே இரவு எட்டு மணிக்கு மீன் கேட்கும் வெளியூரவனுக்குக் குளிர்ப்பெட்டியைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை. இரவில் நம்பிச் சாப்பிடக்கூடியது கொத்து ரொட்டி ஒன்றுதான் என்பது என் கட்சி. அது நம் கண் முன்னாலேயே, காதும் செவிடாகும்படி, அப்போதே கொத்தப்படுகிறது.

கரையில் ஓர் அக்கா பெரிய பிளாஸ்டிக் கூடையோடு நின்று மீனின் செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு குடும்பத்துக்கு அவ்வளவு மீன் தேவைப்படாது என்று ஊகித்து, கடைக்கா என்று கேட்டேன். அனுராதபுரச் சந்திப் பக்கத்தில் தம் வீட்டு முன்விறாந்தையில் மதியச் சாப்பாடு கொடுப்பதாகச் சொன்னார். எத்தனை மணிக்கு வரலாம் என்றதற்கு, "பன்னெண்டரைக்கு வாங்க. ரெண்டு மணிக்குப் பிறகு வந்தா சட்டியத்தான் காட்டுவன்," என்றார்.

இடையிலிருந்த நேரத்தில் ஓட்டோவில் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய்வந்தோம். ஏழு கிணறுகளும் ஒவ்வொரு சூட்டில் இருக்கும். வாளியால் அள்ளி வார்க்கலாம். இராவணன் தன் தாயின் ஈமக்கடனைச் செய்த இடம் என்ற ஐதீகத்தை ஓட்டோ அண்ணை விளக்கிக்கொண்டு வர, அம்மா என் பக்கம் திரும்பி, "விளங்கித்தான் கூட்டிக்கொண்டு வந்தனியோ?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. குளித்த பின் பசி நன்றாகவே எடுத்தது.

பன்னிரண்டரைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அந்த விறாந்தையில் நான்கு மேசைகளும் நிறைந்திருந்தன. இரண்டு ஓட்டோக்காரர், ஒரு கட்டிட வேலைக்குழு, பார்சலுக்குக் காத்து நிற்கும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. கட்டிட வேலைக்காரர் இருவர் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தார்கள். பெயர்ப்பலகை இல்லை, விலைப்பட்டியலும் இல்லை. சிவப்பரிசியா வெள்ளையரிசியா என்ற ஒரே கேள்வியோடு சோறு வந்தது. பிறகு விளைமீன் குழம்பு. கொழும்பில் நாங்கள் உண்ணும் குழம்பு பெரும்பாலும் தேங்காய்ப்பாலில் மிதக்கும். இது பழப்புளியும் வெந்தயமும் முன்னே நிற்க, பால் பின்னால் மறைந்து வரும் குழம்பு. மீன் துண்டு விரலால் தொட்டதும் தகடு தகடாகப் பிரிந்தது, ஆனால் கரையவில்லை. கணவாய்க் கறியை வறுத்த தூளில் கருகக் கருகப் பிரட்டியிருந்தார்கள். கணவாயை ஒன்று சில நிமிடங்களில் இறக்க வேண்டும், அல்லது நெடுநேரம் அவிய விட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இறக்கினால் றப்பர்தான். இந்த அக்கா முதல் வழியைப் பிடித்திருந்தார்.

அம்மாவை வீழ்த்தியது சுறா வறை. அவித்த சுறாவைத் தோலும் நடுமுள்ளும் நீக்கி, உதிர்த்து, நீர் போகப் பிழிந்து, தேங்காய்ப்பூவும் மஞ்சளும் வெங்காயமும் சேர்த்து வறுத்தெடுப்பது அது. பிழியும் வேலையில் சோம்பல் பட்டால் வறை சொதசொதவென்று ஆகி ஒருவித நெடியும் தங்கிவிடும். "பிழிஞ்சு கை நொந்திருக்கும் இந்தப் பிள்ளைக்கு," என்று சொல்லி அம்மா இரண்டாம் முறை சோறு வாங்கினார். வீட்டுக்கு வெளியே அவர் இரண்டாம் முறை சோறு வாங்கியதை நான் அதற்கு முன் கண்டதில்லை. கை கழுவிவிட்டுத் தொட்டியருகே கம்பியில் குத்தியிருந்த பழைய பத்திரிகைத் துண்டால் துடைத்துக்கொண்டு, அடுப்படி வரை போய் அந்த அக்காவிடம் தூள் வறுக்கும் பக்குவம் பற்றிப் பேசத் தொடங்கியவரை அழைத்துவருவதற்குள் மணி இரண்டாகிவிட்டது. அப்போது வாசலில் வந்து நின்ற ஓர் இளம் சோடியிடம் அக்கா சொன்னபடியே வெறும் சட்டியைச் சரித்துக் காட்டினார்.

பின்னேரம் கிண்ணியாவுக்குப் போனது தயிருக்காக. முன்பு பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறிக் கடக்க வேண்டியிருந்த அந்த நீரின் மேல் 2009 ஆம் ஆண்டில் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து பயணம் சுலபமாகிவிட்டது. பாலத்துக்கு அப்பால், வீதியோரத்தில் மட்பாண்டச் சட்டிகளை அடுக்கி வைத்திருந்த ஒரு நானாவிடம் நின்றோம். முதலில் அங்கேயே சாப்பிட ஒரு சிறிய சட்டி வாங்கிப் பாணி ஊற்றித் தின்றோம். எருமைப் பாலில் பசும்பாலைவிட ஏறத்தாழ இரு மடங்கு கொழுப்பு இருப்பதாலும், சுட்ட மண் தயிரின் நீரை உறிஞ்சிக்கொள்வதாலும், கரண்டி குத்திட்டு நிற்கும் அளவுக்கு அது இறுகியிருந்தது. கொழும்புக் கடைகளில் பிளாஸ்டிக் கிண்ணத்தில் வரும் தயிர் ஏன் நீர் விட்டு நிற்கிறது என்று யோசித்துப் பயனில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு பெரிய சட்டி கேட்டபோது நானா எடுத்துக் கொடுக்கவில்லை. "எப்பச் சாப்பிடப் போறீங்க மகன்?" என்று கேட்டார். நாளைப் பகல் என்றேன். முன்வரிசையிலிருந்த சட்டிகளை விட்டுவிட்டு உள்ளே போய், அன்று உறை ஊற்றிய, இன்னும் முழுதாக இறுகாத சட்டியொன்றைக் கொண்டுவந்து, தாளால் மூடி நூலால் கட்டினார். முன்வரிசைச் சட்டிகள் இன்றைக்கு உரியவை, நாளைப் பகலுக்குள் புளித்துவிடும். இது போகும் வழியில் உறையும், ஆனால் ஆட்டக்கூடாது என்றார்.

இரவு வண்டியில் சட்டியை எங்கே வைப்பது என்பது பெரிய பிரச்சினையாயிற்று. மேல் தட்டில் வைத்தால் சரியும், காலடியில் வைத்தால் யாராவது இடிப்பார்கள் என்று இரண்டையும் மறுத்த அம்மா, சேலைத் தலைப்பைச் சும்மாடுபோலச் சுருட்டி மடியில் வைத்து அதன் மேல் சட்டியை இருத்திக்கொண்டார். கல்லோயாச் சந்தியில் வண்டி குலுங்கி நின்றபோது நான் விழித்துப் பார்த்தேன். அம்மா தலை சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் சட்டியைச் சுற்றி அப்படியே இருந்தன.